கூப்பன் காலத்துக் கண்டி

ஐந்து சத நோட்டு ஒன்று. அதன் நடுவே, தபால்தலைத் தாளில் இருப்பதுபோல, வரிசையாகத் துளைகள். கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மறு துண்டு மூன்று சதம். 1942இல் இலங்கை அரசு இந்த நோட்டைப் புழக்கத்துக்கு விட்டது. செம்பும் நிக்கலும் போருக்குப் போய்விட்டதால் சில்லறைக்குத் தட்டுப்பாடு. பத்துச் சதம், இருபத்தைந்து சதம், ஐம்பது சதம் எல்லாமே காகிதமாயின. ஐந்து சதக் காசு மெலிந்து, நிறமும் மாறியது. அமெரிக்கரின் மடிச் சில்லறையும் அப்போது மாறத்தான் செய்தது. 1943இல் அங்கே ஒரு சதக் காசைச் செம்பில் வார்க்காமல், துத்தநாகம் பூசிய உருக்கில் அடித்தார்கள். செம்பு தோட்டாக்களுக்குத் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போர் உலகத்து வீடுகளுக்குள் நுழைந்த வழிகளில் சில்லறைக் காசும் ஒன்று.

கண்டிக்கு அது நுழைந்த முக்கிய வழி அரிசிப் பானை.

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் கிழக்கே இறங்கினால் பல்லேகல. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் 2009இல் திறந்த கிரிக்கெட் மைதானமும் தொழிற்பேட்டையும்தான் நினைவுக்கு வரும். போர்க்காலத்தில் அது தும்பறைப் பள்ளத்தாக்கின் தோட்டப் பூமி. கொக்கோவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெயர்பெற்ற இடம். பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த மலைகளில் தேயிலை, தாழ்ந்த சரிவுகளில் இறப்பர். தோட்டத்து லயங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் குடியிருந்தார்கள். பக்கத்துக் கிராமங்களில் சிங்கள விவசாயிகள் நெல்லும் மரக்கறியும் பயிரிட்டார்கள். கண்டி நகரத்துக் கடைவீதியோடு இவர்கள் எல்லோருக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது.

இலங்கை அன்று தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்து வாங்கியது. அதில் பெரும்பங்கு பர்மா அரிசி. பிரித்தானியப் பிரதமர் அலுவலகத்துக்கும் படைத் தலைமையகத்துக்கும் ரங்கூன் ஒரு துறைமுகம். தோட்டத்தாருக்கோ ரங்கூன் என்றால் அரிசி. 1942 பிப்ரவரி 23ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வானொலியில் பேசியபோது, உலக வரைபடத்தை எதிரே விரித்து வைத்துக்கொண்டு கேட்குமாறு மக்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கடைகளில் வரைபடங்கள் விற்றுத் தீர்ந்தன. அடுத்த மாதம் 8ஆம் திகதி ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. மலைநாட்டில் அதைப் புரிந்துகொள்ள யாருக்கும் வரைபடம் தேவைப்படவில்லை.

அந்த ஆண்டின் முற்பகுதியிலேயே அரிசி கூப்பனுக்கு வந்துவிட்டது. ஆளுக்கு இத்தனை என்று அளவு. உடலுழைப்பாளிக்கு ஓர் அளவு, மற்றவர்களுக்கு ஓர் அளவு, குழந்தைக்கு இன்னோர் அளவு. சீனியும் துணியும் மண்ணெண்ணெயும் தட்டுப்பாட்டுப் பொருள்களாயின. கட்டுப்பாட்டு விலை ஒன்று, கடைக்குப் பின்புறத்து விலை வேறொன்று. போர் முடிவதற்குள் கொழும்புத் தொழிலாளர் குடும்பத்தின் வாழ்க்கைச் செலவு போருக்கு முந்திய அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது.

தனியார் கடைக்காரரை நம்பி இந்த விநியோகத்தை நடத்த முடியாது என்று அரசு சீக்கிரமே உணர்ந்தது. கூட்டுறவுச் சங்கக் கடைகள் அப்போதுதான் ஊருக்கு ஊர் முளைத்தன. போருக்கு முன் விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்த நுகர்வோர் சங்கங்கள் போர் முடிவதற்குள் ஆயிரக்கணக்காகப் பெருகின. இவற்றுக்குச் சரக்கு வாங்கிக் கொடுக்க 1943இல் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் இலங்கைத் தமிழர் எல்லோரும் ‘சங்கக்கடை’ என்று சொல்லிப் பழகிய அந்தக் கடை பரவியது போர்க்காலப் பசியால்தான். வரிசை, கூப்பன் புத்தகம், மனேஜர் கத்தரிக்கோலால் வெட்டியெடுக்கும் சதுரத் துண்டு, தராசில் கொட்டும் அரிசியில் கல்லும் உமியும்: இந்தக் காட்சி 1970கள் வரைக்கும் தீவின் எல்லா ஊர்களிலும் மாறாமல் இருந்தது.

அரிசி போதாத இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. ஆஸ்திரேலியாவிலிருந்து மா மூட்டைகள் வந்து இறங்கின. அதற்கு முன் பாண் என்பது நகரத்தாருக்கும் துரைமாருக்கும் உரிய தின்பண்டம். போரோடு அது கூலித் தொழிலாளியின் காலைச் சாப்பாடானது. லயத்து அடுப்பில் ரொட்டி குடியேறியதும் அப்போதுதான். வெந்நீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டி, கல்லில் போட்டெடுத்த தடித்த ரொட்டி. தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச் சம்பல். இன்று மலையகத்தின் பாரம்பரிய உணவு என்று விழாக்களில் பெருமையோடு பரிமாறும் அந்தச் சேர்க்கையில் பாரம்பரியம் எவ்வளவு, பர்மா அரிசி நின்றுபோன நெருக்கடி எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் நெருக்கடியின் பங்கே அதிகம் இருக்கும். மரவள்ளியும் வத்தாளையும் சோறிருந்த இடத்துக்கு வந்தன. உணவுப் பயிர் செய்யுங்கள் என்று அரசு ஓயாமல் பிரச்சாரம் செய்தது. அமெரிக்காவில் ‘வெற்றித் தோட்டம்’ என்ற பெயரில் இரண்டு கோடிக் குடும்பங்கள் கொல்லையில் காய்கறி போட்டதும் இதே காலம். அங்கே வேலை பெருகி, கூலி உயர்ந்து, கையில் காசு இருந்தும் வாங்கச் சரக்கு இல்லாத நிலை. தும்பறை லயத்தில் காசும் இல்லை, சரக்கும் இல்லை.

ஆனாலும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 1943இல் வங்காளத்தில் அரிசிக்குப் பஞ்சம் வந்து சுமார் முப்பது லட்சம் பேர் இறந்தார்கள். அதே பர்மாவை நம்பியிருந்த, அதைவிட அதிகமாக நம்பியிருந்த இலங்கையில் அப்படியொரு பஞ்சம் வரவில்லை. கூப்பன் குறைவாகக் கொடுத்தது, ஆனால் எல்லோருக்கும் கொடுத்தது. சிவில் பாதுகாப்பு ஆணையாளராக இருந்து உணவு விநியோகத்தையும் கவனித்த ஒலிவர் குணதிலக்கவின் நிர்வாகத் திறன் அதில் உண்டு. இந்தியாவிடம் அரிசி கேட்டுப் பேசுவதற்காக மந்திரிப் பதவியை விட்டு டில்லிக்குப் போன சேர் பாரன் ஜயதிலக்கவின் உழைப்பும் உண்டு. அவர் 1944 மே மாதம், ஊர் திரும்பும் வழியிலேயே காலமானார்.

ரங்கூன் விழுந்த நான்காவது வாரம் குண்டே வந்துவிட்டது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. கண்டியில் ஒரு குண்டும் விழவில்லை. ஆனால் கொழும்பு காலியானது. ரயிலிலும் மாட்டுவண்டியிலும் ஜனங்கள் உள்நாட்டுக்கு ஓடினார்கள். இந்திய வணிகரும் துறைமுகத் தொழிலாளரும் தலைமன்னாருக்குப் போய்த் தனுஷ்கோடிக் கப்பல் ஏறினார்கள். கல்கிசையிலிருந்த புனித தோமஸ் கல்லூரியைப் படையினர் எடுத்துக்கொண்டதால் அதன் ஒரு பகுதி கண்டிக்கு அருகே கட்டம்பேக்கு வந்து வகுப்பு நடத்தியது. வாடகைக்கு வீடு கிடைப்பது கண்டியில் அரிதாயிற்று.

அந்தக் குண்டுவீச்சுக் கலவரத்தோடு சேர்ந்து கண்டி நகரின் நடுவில் இன்னொரு சம்பவமும் நடந்தது. 1940இல் கைதாகிப் போகம்பறைச் சிறையில் அடைபட்டிருந்த இடதுசாரி சமசமாஜக் கட்சித் தலைவர்கள் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி நால்வரும், காவலர் ஒருவரையே துணையாகக் கொண்டு தப்பிப் போனார்கள். அவர்களில் பலர் கடல் கடந்து இந்தியாவுக்குப் போய் அங்கே வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கலந்துகொண்டார்கள்.

அவர்கள் ஏன் சிறையில் இருந்தார்கள் என்பதற்குத் தோட்டங்களும் ஒரு காரணம். 1940 ஜனவரியில் கண்டி மாவட்டத்து ஹேவாஹெட்டையில் முல்லோயாத் தோட்டத் தொழிலாளர்கள் சமசமாஜிகளின் ஆதரவோடு பதினாறு சதக் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் முதல் தியாகி என்று இன்றும் அவரை நினைவுகூர்கிறார்கள். பதினாறு சதம் என்பது, நாம் முதலில் பார்த்த துளையிட்ட நோட்டில் மூன்றும் ஒரு சதமும். ஐரோப்பாவில் போர் மூண்டு நான்கு மாதம், விலைகள் ஏறத் தொடங்கியிருந்தன, கூலி ஏறவில்லை. பின்னர் பஞ்சப்படி வந்தது, சம்பள நிர்ணய சபைகளுக்கான சட்டமும் 1941இல் வந்தது. ஆனால் அத்தியாவசிய சேவை என்ற பெயரில் வேலைநிறுத்தத்துக்குப் பூட்டும் விழுந்தது.

தோட்டத்தை அத்தியாவசியம் என்று அரசு சொன்னதில் பொய்யில்லை. பிரித்தானியாவில் தேயிலைக்கு 1940 யூலை முதல் பங்கீடு. ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ். அந்த இரண்டு அவுன்ஸில் கண்டிச் சீமைக் கொழுந்தும் இருந்தது. இறப்பரின் கதை இன்னும் கடுமையானது. மலாயாவும் இந்தோனேசியத் தீவுகளும் ஜப்பானிடம் போனதும் உலக இயற்கை இறப்பரில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு நேச நாடுகளுக்கு இல்லாமல் போயிற்று. அமெரிக்காவில் முதன்முதலில் பங்கீட்டுக்கு வந்த பொருள் சீனியோ இறைச்சியோ அல்ல, மோட்டார் டயர், 1942 ஜனவரியிலேயே. ஆண்டு முடிவில் நாடு முழுவதும் பெட்ரோலையும் பங்கிட்டார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டினால் அல்ல, கார்கள் ஓடாமலிருந்தால் டயர் தேயாது என்பதற்காக. மணிக்கு 35 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் விதித்தார்கள். நேச நாடுகளுக்கு எஞ்சியிருந்த பெரிய இறப்பர் விளைநிலம் இலங்கை. அரசு உற்பத்தியைக் கூட்டச் சொன்னது. மரத்துக்கு ஓய்வு கொடுத்து, அளந்து பால் வெட்டும் முறையைக் கைவிட்டு, மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று பட்டை முழுக்க வெட்டினார்கள். ஆங்கிலத் துரைமார்கள் தங்கள் அறிக்கைகளிலேயே அதற்கு மரக்கொலை என்ற பொருள்படப் பெயரிட்டார்கள். ஓஹாயோ மாநிலத்துக் குடும்பம் ஒன்று பழைய டயரோடு சமாளித்துக்கொண்டிருந்தபோது, மாத்தளைச் சரிவில் விடியுமுன் வாளியோடு போன பெண்ணின் வேலை நேரம் நீண்டது. இருவரையும் இணைத்த கயிற்றை இருவருமே பார்க்கவில்லை.

1944 ஏப்ரலில் போரின் தலைமையே கண்டிக்கு வந்தது. தென்கிழக்காசியக் கட்டளையகத்தின் தளபதி மவுண்ட்பேட்டன், டில்லியின் வெயிலையும் அலுவலகக் கெடுபிடியையும் விட்டுவிட்டுப் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் தலைமையகம் அமைத்தார். அவரது வாசம் கண்டி அரச மாளிகையில். பூங்காவின் புல்வெளிகளில் கிடுகு வேய்ந்த கொட்டகைகள் வரிசையாக எழுந்தன. பர்மாப் போர்முனையின் திட்டங்கள் அங்கே தீட்டப்பட்டன. குயின்ஸ் ஹோட்டலும் சுவிஸ் ஹோட்டலும் சீருடைகளால் நிரம்பின. பிரித்தானியர், அமெரிக்கர், இந்தியர், சீருடைப் பெண்கள். அதற்கு முந்திய ஆண்டிலிருந்தே கிழக்கு ஆபிரிக்கப் படைப்பிரிவுகள் தீவில் பயிற்சி பெற்று பர்மாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. கண்டியின் போர் மயானத்தில் இன்றும் இலங்கையரோடும் பிரித்தானியரோடும் கிழக்கு ஆபிரிக்கரும் கனடியரும் இத்தாலியரும் அருகருகே கிடக்கிறார்கள்.

அமெரிக்கர்களுக்கு இந்தக் கட்டளையகத்தின் மேல் முழு நம்பிக்கை இல்லை. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளான ‘சீயாக்’ என்பதை, ‘இங்கிலாந்தின் ஆசியக் குடியேற்றங்களைக் காப்பாற்று’ என்று விரித்துச் சொன்னார்கள். சீனாவுக்குப் பாதை திறப்பதே அவர்கள் நோக்கம். சிங்கப்பூரை மன்னர் கையில் மீட்டுக் கொடுப்பதற்காக அவர்கள் அங்கே வரவில்லை. இந்த மனத்தாங்கலோடுதான் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே பூங்காவில் வேலை பார்த்தார்கள். அமெரிக்க உளவுத்துறையின் பிரிவு ஒன்றும் கண்டியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இயங்கியது. மானிடவியலாளர்கள் கோரா டுபாயும் கிரகரி பேட்சனும் அதில் இருந்தார்கள். இரகசியக் கோப்புகளைப் பதிந்து வைக்கும் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் யூலியா மக்வில்லியம்ஸ். அங்கே வரைபடங்களும் காட்சிப் பலகைகளும் தயாரித்த போல் சைல்டை அவர் சந்தித்தார்; போருக்குப் பின் மணந்தார். யூலியா சைல்ட் என்ற பெயரோடு 1961இல் அவர் வெளியிட்ட பிரெஞ்சுச் சமையல் நூலும், தொடர்ந்து வந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியும் அமெரிக்க வீட்டுச் சமையலையே மாற்றின. அமெரிக்காவுக்குச் சமையல் கற்றுக்கொடுக்கப் போகிறவர், அரிசி கூப்பனில் விற்ற ஊரில் ஓராண்டு இருந்திருக்கிறார் என்பது அந்தப் பெண்மணியின் வாழ்க்கை வரலாறுகளில் ஓரமாகவே வரும். கண்டிக்காரர்களுக்கு அது மையமான செய்தி.

படையோடு காசும் வந்தது. சலவைக்காரர், தையற்காரர், வாடகைக் கார் வைத்திருந்தவர், மரக்கறி வியாபாரி எல்லோருக்கும் நல்ல காலம். மாதச் சம்பளக்காரருக்கும் தோட்டக் கூலிக்கும் அதே காசு விலையாக வந்து இடித்தது.

செய்தி எப்படிக் கிடைத்தது? 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் தமிழ் வாசகருக்கு இருந்தன. அச்சுக் காகிதத் தட்டுப்பாட்டால் பத்திரிகைகளின் பக்கங்கள் சுருங்கின. செய்திகள் தணிக்கையைத் தாண்டித்தான் வந்தன. தோட்டத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் வாசிக்க, சுற்றியிருந்து பத்துப் பேர் கேட்பதே வழக்கம். லண்டனிலிருந்து பிபிசி 1941 மே 3ஆம் திகதி தமிழில் செய்தி மடல் தொடங்கியிருந்தது. 1943க்குப் பின் மறுபக்கத்திலிருந்து ஆசாத் ஹிந்த் வானொலியும் தமிழில் பேசியது. கண்டித் துரைமார் பங்களாக்களில் வானொலிப் பெட்டி இருந்தது, லயத்தில் இல்லை. மலாயாவில் பிள்ளைகள் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கோ, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த பிறகு கடிதமும் இல்லை, காசோலையும் இல்லை. மூன்றரை ஆண்டுகள் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் இருந்தார்கள்.

படையினருக்குத் தனிப் பத்திரிகையே உண்டு. பிராங்க் ஓவன் ஆசிரியராக இருந்த ‘சீயாக்’ நாளிதழ் 1944 ஜனவரியில் கல்கத்தாவில் அச்சாகத் தொடங்கியது. பொழுதுபோக்குக்கு ஆங்கிலப் படம், நடனம், லண்டனிலிருந்து வரும் நாடகக்காரர்கள். நாடகாசிரியர் நோயல் கவார்ட் கூட 1944இல் இந்தப் பக்கம் வந்து படையினர் முன் பாடிவிட்டுப் போனார்.

தமிழருக்குச் சென்னைப் படங்கள். அவையும் போரில் அடிபட்டவைதான். கச்சா பிலிம் கிடைக்காததால் படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று இந்திய அரசு விதித்தது. போர் ஆதரவுப் படம் எடுக்கச் சொல்லித் தயாரிப்பாளர்களை நெருக்கியது. மாடர்ன் தியேட்டர்ஸின் ‘பர்மா ராணி’யும் ஜெமினியின் ‘கண்ணம்மா என் காதலி’யும் 1945இல் அப்படி வந்தவை. மக்கள் விரும்பியது வேறு. 1944 தீபாவளிக்கு வந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது.

தோட்டத்துக்குள் சினிமா எட்டிய தூரம் குறைவு. அங்கே மாசி மாதத்தில் காமன் கூத்து, திருவிழாவில் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும், எப்போதும் தப்பு. அரசியல் செய்திகூடப் பாட்டாகத்தான் இறங்கியது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள், இந்தியர்களின் இலங்கை வாழ்க்கை நிலைமையைப் பாட்டுப் புத்தகமாக 1940இல் வெளியிட்டார். மேடையில் அவர் பாடுவார், நடேசய்யர் பேசுவார். கூட்டத்துக்கு வந்தவர்கள் பேச்சை மறந்தாலும் பாட்டை லயத்துக்குக் கொண்டுபோனார்கள். போர்க்காலத்து மலையகத்தின் செய்திப் பத்திரிகை எது என்று கேட்டால் அந்தச் சிறு பிரசுரங்களைத்தான் காட்ட வேண்டும்.

கட்டளையகம் 1945 இறுதியில் சிங்கப்பூருக்குப் பெயர்ந்தது. கொட்டகைகள் போயின. படையினருக்காகக் கொழும்பிலிருந்து நடத்தப்பட்ட சீயாக் வானொலியின் வலுவான ஒலிபரப்பிக் கருவிகள் எக்கலையில் நின்றன. அவை 1949இல் இலங்கை வசமாயின. அடுத்த ஆண்டு வர்த்தக சேவை. ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஒதுக்கிய 1950களில், தூத்துக்குடி முதல் சென்னை வரை வீடுகளில் இலங்கை வானொலி ஒலித்ததற்கும் அதன் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் பழகியதற்கும் அந்தப் படைக்கருவிகள் ஒரு முக்கிய காரணம்.

அரிசி மானியமும் போரோடு போய்விடவில்லை. அதில் கைவைத்த அரசு என்ன ஆனது என்பதை 1953 காட்டியது. கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதும் ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் நின்றது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

தும்பறைச் சரிவில் பால் வெட்டியவர்களுக்கும் கொழுந்து பறித்தவர்களுக்கும் போர் வேறொரு கணக்கை வைத்திருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு வாசலைத் திறந்தது: 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இலங்கையில் தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டும். அதாவது நிரூபிக்க வேண்டிய ஆண்டுகள் பெரும்பாலும் போர் ஆண்டுகளே. இடையில் ஒரு தடவை பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. குண்டுக்குப் பயந்து தனுஷ்கோடிக் கப்பல் ஏறியவர், போர் நெருக்கடியில் ஊரிலேயே மாட்டிக்கொண்டவர் யாராயினும் சட்டத்தின் அளவுகோல் ஒன்றே. 1951 ஆகஸ்டுக்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பத்தாண்டுக்கு மேல் நடந்த விசாரணைகளின் முடிவில் பிரஜைகளாகப் பதிவானவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே.